பதக்கத்தின் பின்பக்கம்

காலையில் எழுந்து நிலக்கரி அடுப்பை மூட்டினான் சோங்யீ. அரிசிக் கஞ்சி வைத்தான். ஊறுகாய் முள்ளங்கியை நறுக்கினான். இரண்டு கிண்ணங்களில் கஞ்சியை ஊற்றியவன், ஒன்றைத் திரும்பப் பாத்திரத்தில் கொட்டினான். மனைவி பெய்ரோங்கின் கிண்ண விளிம்பில் சிவப்புப் பூச்சு ஒட்டியிருந்தது. ஆலையின் பதக்கப் பட்டறையில், தலைவர் முகம் பதித்த பதக்கங்களுக்குச் சிவப்புப் பூசும் வேலை பார்த்தவள். தொட்ட இடமெல்லாம் அந்தச் சிவப்பு. விளக்கு விசையில், கதவுத் தாழில், அவன் சட்டைக் காலரில். அதே சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

தகன மண்டபத்துக்கு ஆலையே வந்திருந்தது. பெய்ரோங்கைத் தள்ளுவண்டியில் கிடத்தியிருந்தார்கள். இரவில் பட்டறை தீப்பிடித்தபோது பட்ட காயங்களின் மேல் கட்டு. ஆலையின் கட்சிச் செயலாளர் மியாவ் குனிந்து, போர்த்திய துணியில் புதுப் பதக்கம் ஒன்றைக் குத்தினார். அவர் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது. பதக்கங்கள் திருடுபோகின்றன என்று, இரவுப் பணியின்போது பட்டறையை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள்.

“ராப்பகலா உக்காந்து அச்சடிச்சோம், வாத்தியாரே. முன்னால தலைவர் முகம். பின்னால பெய்ரோங்கோட கடைசி வார்த்தை,” என்றார் மியாவ்.

சோங்யீ பதக்கத்தின் விளிம்பைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தான். ‘என்னை விடுங்கள், பதக்கங்களை எடுங்கள்.’

“இத அவ சொல்லி யாரு கேட்டா?”

“நாடே கேக்கப்போகுது. உங்க வகுப்புப் பிள்ளைங்க நெஞ்சுலயும் இதுதான் தொங்கும்.” மியாவ் குரலைத் தாழ்த்தினார். “ஒலிபெருக்கியில ஒரு தடவ உங்க வாயால சொல்லிடுங்க. கட்டுனவரு சொன்னா எவனும் மறுபேச்சுப் பேச மாட்டான். வாத்தியார் வேலையும் நிலைக்கணும்ல?”

உலைக்காரன் வண்டியைத் தள்ள வந்தான். “உலோகம் எதுவும் உள்ள போகக் கூடாது, கழட்டுங்க.” கிட்டே வந்து பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டான். “அய்யய்யோ! தலைவரு முகத்தையா நெருப்புல போடச் சொல்றீங்க? அப்புறம் இதே வண்டியில என்னைத் தள்ளிட்டுப் போவாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. மியாவ் வெளுத்துப்போனார். கழற்றினால் வீராங்கனையை அவமதித்ததாகும். விட்டால் தலைவரை எரித்ததாகும். அவர் கை பதக்கத்துக்கு மேலேயே நின்றது.

சோங்யீ கழற்றினான். துணியில் இரண்டு சிறு துளைகள் மிஞ்சின. வண்டி நகர்ந்தது. இரும்புக் கதவு மூடி, வெளியே தாழ் விழுந்தது. உள்ளேயிருந்து யாரோ தட்டுவதுபோல் இருந்தது அவனுக்கு.

ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார்கள். முதல் வரிசையில் பட்டறைப் பெண்கள். எல்லார் நகக்கண்ணிலும் அதே சிவப்பு. தீக்குப் பிறகு, மருத்துவமனையில் பிதற்றியபடி ஒரு பகல் அவள் உயிரோடு இருந்தாள். பக்கத்தில் அவன் மட்டும்தான்.

“கடைசியா அவ என்ன சொன்னான்னு கேட்டீங்க,” என்றான்.

மியாவ் தலையாட்டி ஊக்கினார். பதக்கம் அவன் உள்ளங்கையில் சூடேறியிருந்தது.

“‘சாவி செயலாளர்கிட்ட இருக்கு. ஓடிப்போய் வாங்கிட்டு வா.’”