பிடியரிசி மூட்டை

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துவைத்து, உறையூர்ப் பள்ளியின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்த்த அரிசி அது. காட்டூர் முதியோர் இல்லத்தில் இன்றிரவுக்கு அரிசியில்லை என்று தகவல் வந்ததும், மறைக்கல்வி ஆசிரியை பிலோமினா ஆட்டோவை அழைத்துவிட்டார். தாளாளர் வாசலை மறித்தார்.

"ஈஸ்டர் முடிஞ்சு விருந்தினர் வருவார், டீச்சர். அவர் கையால கொடுத்து போட்டோ எடுக்கணும். அதுவரைக்கும் மூட்டை அசையக் கூடாது."

"அதுவரைக்கும் அந்தப் பாட்டிங்க போட்டோவையா சார் சாப்பிடுவாங்க?" என்றாள் மூட்டையருகே நின்ற மாணவி யாழினி.

தாளாளர் பிலோமினாவிடம் திரும்பினார். "மூட்டை வெளியே போனா நீங்களும் வெளியேதான்."

இந்த வேலையை விட்டால் பிலோமினாவுக்கு வேறு பிழைப்பில்லை. ஆனால், பசித்தவருக்குக் கொடுப்பதே நோன்பு என்று நாள்தோறும் சொன்ன வாயைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வழி விடுங்க, சார்" என்றவர், குனிந்து மூட்டையின் ஒரு முனையைப் பற்றினார். மறுமுனைக்கு வகுப்பே ஓடிவந்தது.