பஞ்சு வைக்காத காது

பஷீர் அஹமதுக்கு டிம்பனி என்றால் உயிர். செம்புக் குண்டாவின் வாயில் தோல் கட்டிய அந்த ஜோடி முரசுகளைப் பெங்களூர் ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் பல வருஷம் வாசித்தவர். எழுபத்தொன்பதில் ஆர்கெஸ்ட்ராவைக் கலைத்துவிட்டார்கள். வயிறு கேட்குமா? ஓசூருக்கு வந்து ஒரு கம்பெனியில், இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற பிரஸ் ஷாப்பில் சேர்ந்தார். முரசுகளும் லாரியில் கூடவே வந்தன. கட்டில் போட இடமில்லை என்று மனைவி அதியா அன்றைக்குத் திட்ட ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை.

பிரஸ் ஓடினால் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தார்கள். இவர் மட்டும் மாட்டேன் என்றார். "மூடி வெச்சா காது தூங்கிப்போயிடும்" என்பார். இரும்பு விழுகிற தாளத்தை எண்ணிக்கொண்டே நிற்பார். சாதகம் பண்ணுவதாக நினைப்பு. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

பேக்கிங்கில் வேலை செய்த முனிலட்சுமி ஒருத்திதான் அவரிடம் கற்றுக்கொள்ள வந்தாள். கச்சேரியில் மற்ற வாத்தியங்கள் முழங்கும்போதே குனிந்து, தோலருகே காதை வைத்து, விரலால் தட்டி, தோலை இறுக்குகிற திருகாணியைத் திருப்பிச் சுதி சேர்க்கச் சொல்லிக்கொடுத்தார். இன்னொன்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

"வாசிக்கிறவன் சுதி தப்புன்னு பக்கத்துல இருக்கிறவங்க சொல்லக் கூடாது. அவன் காதே அவனுக்குச் சொல்லணும்."

எண்பத்தொன்பதில் ஆர்கெஸ்ட்ரா மறுபடி கூடியது. கோல் பிடித்து நடத்துகிற டிசோசா ஆள் அனுப்பினார். ஒத்திகையில் தேறினால் பழைய இடம், கூடவே ஒரு பள்ளியில் வாத்தியார் வேலை. பிரஸ்ஸுக்கு ஒரு பெரிய கும்பிடு! அன்றைக்கு அதியாகூடத் திட்டவில்லை. முரசுகளை லாரியில் அனுப்பிவிட்டு, முனிலட்சுமியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

குனிந்தார், தட்டினார், திருகினார், அடித்தார். டிசோசா கோலை இறக்கினார்.

"பஷீர், சுதி இறங்கியிருக்கு."

மறுபடி திருகினார். மறுபடி வாசிப்பு நின்றது. வயலின்காரர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. முரசின் மேல் இன்னொரு முறை குனிந்தபோது அவருக்கு வலது காதில் ஒரு சுதி கேட்டது, இடது காதில் வேறொன்று. எது சரி? பின்னால் நின்ற முனிலட்சுமியைத் திரும்பிப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் மாஸ்டர். போன மாங்கா சீசன்லருந்தே."

"ஏம்மா சொல்லல?"

"நீங்கதானே சொல்லக் கூடாதுன்னீங்க."

கோபமாவது வந்திருக்கலாம். அதுவும் வரவில்லை. டிசோசா அருகில் வந்து அவர் தோளில் கை வைத்தார். பஷீர் முரசுக் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு ஓசூர் பஸ்ஸுக்கு நடந்தார்.

மறுநாள் ஷிப்ட் தொடங்குமுன் முனிலட்சுமி பிரஸ் ஷாப்புக்கு வந்து பஞ்சை நீட்டினாள். பஷீர் அதை வாங்கி அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

"உன் காதுல வைம்மா. எனக்கு இனி எதுக்கு?"

பிரஸ் ஓடத் தொடங்கியது. அவள் ஏதோ சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை.