ஒரே பெட்டியில் ஓட்டு

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் வின்ஸ்லெட் உயர்நிலைப் பள்ளியில் 1974-இல் படித்து முடித்த வகுப்புக்கு, மாணவர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுக்கும் பட்டங்கள் எல்லாமே இரண்டிரண்டு. அழகி இரண்டு பேர், ஓட்டக்காரர் இரண்டு பேர், வகுப்பைச் சிரிக்கவைப்பவர் இரண்டு பேர். வெள்ளைப் பிள்ளைகளின் ஓட்டு ஒரு பெட்டியில், கறுப்புப் பிள்ளைகளின் ஓட்டு இன்னொரு பெட்டியில் விழும். வெள்ளை, கறுப்புப் பள்ளிக்கூடங்களைத்தான் நீதிமன்றம் ஒன்றாக்கச் சொன்னது, பெட்டிகளைப் பற்றி யார் சொன்னார்கள் என்று கேட்டார் தலைமையாசிரியர் ஸ்ட்ரவுட். இதுதான் நியாயம் என்று நம்பி அந்த மனிதர் நிம்மதியாகத் தூங்கவும் செய்தார்.

ஆண்டு மலரில் சிரிக்கவைப்பவர் என்ற தலைப்பின்கீழ் கறுப்புப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த வெர்டெல் மேப்பின் படமும் வெள்ளைப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த டுவேன் ஹட்டோவின் படமும் அக்கம்பக்கமாக இருந்தன. வெர்டெல்லுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. தபால் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் நின்று, மூன்று பிள்ளைகளை ஆளாக்கி, கணவனை அடக்கம் செய்து, ஒரு முழங்காலையும் மாற்றிக்கொண்டாயிற்று. இத்தனைக்குப் பிறகும் அந்தப் பக்கத்தைத் திறந்தால் அவளுக்கு வயிறு எரியும். ஜெயித்தோமா இல்லையா என்பதே தெரியாமல் ஐம்பது வருடம் ஓடிவிட்டது. பாதிப் பேர் போட்ட ஓட்டில் கிடைத்தது பாதிப் பட்டம்தானே? டுவேனைவிட நன்றாகச் சிரிக்கவைப்பவள் தான்தான் என்று அவளுக்குத் தெரியும். எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை என்பதுதான் உறுத்தல்.

பழைய மாணவர் சந்திப்பும் அதுநாள்வரை இரண்டாகத்தான் நடந்துவந்தது. ஐம்பதாவது வருடத்தையாவது சேர்ந்து கொண்டாடலாமே என்று கார்லீன் வெர்டெல்லுக்குப் போன் செய்தாள். அதே வகுப்பில் படித்தவள், வீடு வாங்கி விற்றுக் கொடுக்கும் வெள்ளைக்காரி, நல்ல மனசு, சண்டை என்றால் மட்டும் நாலு தெரு தள்ளிப் போவாள். பழையதை யாரும் கிளற வேண்டாம், சாப்பிடுவோம், படம் எடுத்துக்கொள்வோம் என்பது அவள் கட்சி.

ஆர்னெட்டா இதற்கு நேர் எதிர்க் கட்சி. முதல் வகுப்பிலிருந்து வெர்டெல்லின் தோழி, வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். செய்தது தவறு என்று பள்ளி நிர்வாகம் எழுதிக் கொடுத்து, அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் வாசிக்க வேண்டும் என்றாள். அது இல்லாமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது வெறும் சாப்பாடு என்பது அவள் எண்ணம்.

வெர்டெல்லுக்கு இரண்டும் வேண்டாம். சிரிக்கவைப்பவர் பட்டத்துக்கு மறுபடி ஓட்டுப் போட வேண்டும், ஒரே பெட்டியில். அவ்வளவுதான்.

"உனக்கு எல்லாம் விளையாட்டுடி," என்றாள் ஆர்னெட்டா. "தப்பை வாயால ஒத்துக்காதவங்ககிட்ட ஓட்டு எண்ணி என்ன கிழிக்கப் போற?"

"தப்புன்னு யார் வேணா எழுதிக் குடுப்பாங்க. எண்ணிக் காட்டட்டும், பாக்கலாம்."

இது வெறும் கேளிக்கை என்று நினைத்துக் கார்லீன் சந்தோஷமாகத் தலையாட்டினாள். ஆர்னெட்டா இரண்டு நாள் போனையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஓட்டுப்பெட்டியும் கையுமாக வந்து நின்றாள். எப்படியும் நடக்கப்போகிறது, எண்ணுவதாவது ஒழுங்காக நடக்கட்டும் என்றாள்.

சனிக்கிழமை மதியம் பூங்காவில் அறுபத்தொரு பேர் கூடினார்கள். சுட்ட விலா இறைச்சியின் வாசனை ஆளைத் தூக்கியது. யாரும் சொல்லாமலே வெள்ளைக்காரர்கள் ஒரு பக்க மேஜைகளிலும் கறுப்பர்கள் மறுபக்க மேஜைகளிலும் உட்கார்ந்துவிட்டார்கள். அதைக் கவனித்த ஆர்னெட்டா வெர்டெல்லின் விலாவில் ஒரு குத்து விட்டாள்.

ஓட்டுக்கு முன்னால் வெர்டெல்லும் டுவேனும் சிரிக்கவைத்துக் காட்ட ஆளுக்கு ஐந்து நிமிடம். டுவேன் முதலில் மைக்கைப் பிடித்தான். கார் விற்றுப் பழகிய வாய், தயக்கமே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை கால்பந்துப் போட்டியில் காற்று அடித்து, ஸ்ட்ரவுட்டின் வழுக்கையை மூடியிருந்த டோப்பா பறந்துபோய்க் கறுப்புப் பிள்ளைகள் இருந்த கேலரியில் விழுந்த கதையை எடுத்தான்.

"நம்ம பக்கத்துலேர்ந்து தானா போய் அங்க உட்கார்ந்த முதல் ஆளு," என்றான், "அந்த டோப்பாதான்."

அவன் பக்கத்து மேஜைகள் குலுங்கின. இந்தப் பக்கம் சத்தமே இல்லை. எல்லாரும் வெர்டெல்லைப் பார்த்தார்கள். அது அவளுடைய கதை. போட்டி முடிந்த திங்கட்கிழமை காலை, டைப்ரைட்டிங் வகுப்பில், அவள் வாயிலிருந்து வந்தது. தன் முறை வரும்வரை அவள் காத்திருக்கவில்லை.

"மீதியையும் சொல்லு டுவேன்," என்றாள்.

"மீதியா? அவ்வளவுதானே."

"அவ்வளவுதான் இல்ல. டோப்பாவை வாங்கிட்டு வரச் சொல்லி வாத்தியாரை அனுப்பினாங்க. நாங்க சொன்னோம், 'எங்களுக்கு ஆட்சேபணை இல்ல சார், அதுதான் வரமாட்டேங்குது. காலி வீட்டுக்குக் கூரையா இருந்து இருந்து அலுத்துப் போச்சாம்.'"

இரண்டு பக்கமும் வெடித்துச் சிரித்தன. வெள்ளைக்கார மேஜைகள்தான் அதிக நேரம் சிரித்தன. ஐம்பது வருடமாகப் பாதிக் கதையையே சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அல்லவா! அன்றைக்கு வகுப்பில் அவள் சொல்லும்போதே பாதியில் மணி அடித்துவிட்டது. மீதியை வெர்டெல் நடைபாதையில் தன் கூட்டத்துக்குச் சொன்னாள். அங்கே டுவேன் வர முடியாது.

டுவேனும் சிரித்தான், காது சிவந்துபோய். ஆர்னெட்டா எழுந்தாள்.

"சிரிச்சு மழுப்பாத டுவேன். உள்ளதை மைக்குல சொல்லு."

விட்டுவிடலாமே என்று கார்லீன் பாதி எழுந்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்காததால் உட்கார்ந்துகொண்டாள்.

டுவேன் மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவந்தான். "டைப்ரைட்டிங் வகுப்புல நான் இவ பின்னாடி உட்கார்ந்திருந்தேன்," என்றான். "காலையில இவ சொன்னதை மத்தியானம் எங்க மேஜையில சொல்லுவேன். வருஷம் பூரா. பேரைச் சொன்னதில்ல. சொன்னா யாரும் சிரிக்க மாட்டாங்கன்னு தெரியும். அது திருட்டுதான் வெர்டெல்."

வெர்டெல்லுக்குக் கோபம் வந்தது. தன் வார்த்தைகள் உட்கார்ந்த மேஜையில் தனக்கு இடமில்லாமல் போயிற்றே என்று நெஞ்சு கொதித்தது. ஆனால் அந்தக் கோபத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு சந்தோஷம் ஏறியது, அதை அவளால் அடக்க முடியவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கிற இத்தனை பேரும் பதினேழு வயதில் அவளுடைய பேச்சுக்குத்தான் சிரித்திருக்கிறார்கள். இரண்டு பெட்டியிலும் விழுந்தது அவளுக்கான ஓட்டு.

ஓட்டுப் போட்டார்கள். ஆர்னெட்டா ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டி உரக்க எண்ணினாள். வெர்டெல்லுக்கு அறுபது, டுவேனுக்கு ஒன்று. சத்தியமாகத் தான் போடவில்லை என்று டுவேன் இரண்டு கையையும் தூக்கினான்.

"நான்தான் போட்டேன்," என்றாள் ஆர்னெட்டா. "வாயால ஒத்துக்கிட்டான்ல, அதுக்கு ஒண்ணு. அதுவும் போக, அறுபத்தொண்ணும் விழுந்துட்டா இவளை யாரு தாங்குறது?"

வெர்டெல் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்குக்கு வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள்ளேயே இரண்டு பக்கமும் சிரிக்கத் தயாராகிவிட்டது.

"புதுசா ஒண்ணு வச்சிருக்கேன்," என்றாள். "டுவேன், பேனா இருக்கா? எழுதிக்க. இந்தத் தடவை பேரோட எழுதிக்க."

டுவேன் காகிதத் தட்டைக் கவிழ்த்து வைத்து, முதலில் அவள் பேரை எழுதினான்.