வேக ரீலும் டெட்மரின் முழங்கையும்

மடியைப் பார்க்காமல் கழுத்து மணியை ஆட்டிப் பார்த்து மாடு வாங்குகிறவனை விஸ்கான்சினில் எந்தப் பண்ணைக்காரனும் வாசலைத் தாண்ட விடமாட்டான். அதே பண்ணைக்காரன் மஸ்கி மீன் பிடிக்க, தூண்டில் நூலைச் சுற்றி இழுக்கும் ரீல் வாங்க வந்துவிட்டால் மட்டும் மணியைத்தான் ஆட்டுகிறான். ரீலைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கைப்பிடியை வெறும் காற்றில் சுழற்றுகிறான். “ஆகா, வெண்ணெய்டா” என்கிறான். பொரித்த சீஸ் உருண்டை தின்ற விரலை அதன் மேலேயே துடைத்துவிட்டு அடுத்தவனிடம் நீட்டுகிறான். அடுத்தவனும் காதில் வைத்துக்கொள்கிறான்.

வாசாவ் நகரத்துக் கண்காட்சிக் கூடத்தில், மார்ச் மாதத்துச் சனிக்கிழமை காலையில், இப்படி ஆயிரம் பேர் கண்ணை மூடி நின்றிருந்தார்கள். நடுவில் கண்ணைத் திறந்து வைத்திருந்த ஒரே ஆள் லியோனா புரூசாக்.

ஐம்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடமாக மஸ்கிப் படகு ஓட்டி, வருகிறவர்களுக்கு மீன் காட்டிப் பிழைக்கிறவள். மஸ்கி சாமானியமாக வாய் திறக்கிற மீன் இல்லை. ஒரு மீனுக்கு ஆயிரம் வீச்சு ஆகும். வீசுவதுகூடப் பெரிய காரியம் இல்லை. காபித் தட்டு அகலத்தில் இரண்டு பித்தளைத் தகடும், கோழி வால் மாதிரி ஒரு குஞ்சமும் கட்டிய அந்தப் போலி இரையைத் தண்ணீருக்குள் வேகமாக இழுத்து வருவதுதான் ஆளைக் கொல்லும். தகடு இரண்டும் சுழலும்போது, வாளியைக் கவிழ்த்துக் கட்டி இழுப்பது போல இருக்கும். வாடிக்கையாளர் ஒரு பக்கம் வீசினால் லியோனா மறுபக்கம் வீசுவாள். படகில் இரண்டு இரை ஓடினால்தான் மீன் எழும்பும் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு போன அக்டோபரில் அவள் வலது முழங்கையை அறுவை மேஜைக்குக் கொண்டுபோனது.

“இன்னொரு சீசன் இதே மாதிரி சுத்துனீங்கன்னா, அப்புறம் காபி கெட்டிலக்கூடத் தூக்க முடியாது” என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுடைய பழைய மெதுவான ரீலுக்கோ உள்ளே சக்கரப் பல் தேய்ந்துவிட்டது. அதைச் செய்த கம்பெனி மூடிப் பத்து வருடம். மே கடைசியில் சீசன் திறக்கும்போது கையில் லேசாக இழுக்கிற ரீல் ஒன்று இல்லையென்றால் படகை விற்க வேண்டியதுதான்.

“இதப் பாரும்மா, பதினோரு பேரிங்” என்றான் கடைக்கார லான்ஸ். “எட்டுக்கு ஒண்ணு. ஒரு சுத்து சுத்துனா உள்ள எட்டு சுத்து சுத்தும். மின்னல்.”

“மின்னல் எனக்கு வேண்டாம்ப்பா. ரெட்டைத் தகட்டை எது லேசா இழுக்கும்னு சொல்லு.”

“எல்லாமே லேசுதான். சுத்திப் பாருங்களேன்.”

“காலி வண்டி எல்லா மேட்டுலயும்தான் ஏறும். பாரத்தோட ஏறுதான்னு பாக்கணும்.”

லான்ஸ் சிரித்துக்கொண்டே மேஜைக்கு அடியில் குனிந்து, அழுக்கு நீல நிறத்தில் ஒரு ரீலை எடுத்துக் காட்டினான். ஐந்துக்கு ஒன்று. கைப்பிடி ஒரு சாண் நீளம். “கிழவனுங்க மாடல். ரெண்டு பீஸ் கெடக்கு. காலையிலேர்ந்து ஒரு ஈ, காக்கா கேக்கல.”

லியோனாவுக்கு ஆசைதான்; உள்ளே சுற்று குறைந்தால் கைக்குப் பாரமும் குறையும். ஆனால் மெதுவான ரீல் எல்லாமே லேசாக இழுத்துவிடாது. உள்ளே பல் எப்படி, நூல் சுற்றும் வட்டு எவ்வளவு பெரிது என்பதெல்லாம் பாரம் ஏற்றினால்தான் தெரியும்.

பின்னால் நின்ற அவள் கணவன் வெண்டெல் சாசேஜை மென்றபடி, “வாங்கிட்டுப் போயி ஏரியில பாத்துக்கலாமே” என்றான். அவளால் கார் ஓட்ட முடியாததால் வந்தவன் அவன்.

“ஏரியில ரெண்டு அடி ஐஸ் கெடக்கு. ஐஸுக்கு மேல இழுத்துப் பாக்கவா?”

அப்போதுதான் ஒலிபெருக்கி அலறியது. ரோலண்ட் டெட்மர் தொட்டி மேடைக்கு வந்துவிட்டார்.

கூடத்தின் நடுவே நாற்பது அடி நீளத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். அதன் மேலே மேடை. மேடை மேலே டெட்மர். சட்டையில் பத்தொன்பது கம்பெனிகளின் பேட்ஜ் தைத்திருந்தது. துணி எங்கே என்று தேட வேண்டும். மீன்பிடி உலகில் அவர் சொன்னதுதான் வேதம். வேகமாக இழுத்தால்தான் மஸ்கி கடிக்கும் என்று ஆறு வருடத்துக்கு முன்னால் திருவாய் மலர்ந்தார். மெதுவான ரீல்களெல்லாம் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டன.

“நண்பர்களே!” என்றார் டெட்மர். “ரீல் என்பது ஒரு கருவி அல்ல. அது உங்கள் ஆளுமை. மஸ்கி முதலில் பார்ப்பது இரையை அல்ல. உங்கள் உறுதியை!”

ஆயிரம் பேரும் தலையாட்டினார்கள். மஸ்கி தண்ணீருக்கு அடியிலிருந்து யாருடைய உறுதியைப் பார்த்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. டெட்மர் எட்டுக்கு ஒன்றை உயர்த்திக் காட்டிவிட்டு, ரெட்டைத் தகட்டைத் தொட்டியின் அந்தக் கோடியில் விட்டு ஒரு தடவை இழுத்தார். பித்தளை பளபளத்தது. கைதட்டல். இரையை எடுத்துத் துடைத்து உள்ளே வைக்கப் போனார்.

“ஏங்க, அதை ஒரு அறுபது தடவை இழுத்துக் காட்டுங்க” என்றாள் லியோனா.

“என்னம்மா?”

“ஒரு தடவை என் பேத்திகூட இழுப்பா. அறுபது தடவை. ஏரியில அது இருபத்தஞ்சு வீச்சுதான். என் கஸ்டமர் முதல் காபி குடிக்கறதுக்குள்ள அவ்வளவு வீசிடுவாரு.”

கூட்டம் சிரித்தது. “போடுங்க தலைவரே!” என்று ஒருவன் கத்தினான். “அந்தம்மாவுக்குக் காட்டுங்க!” தலைவரால் பின்வாங்க முடியாது. மைக்கைச் சட்டையில் மாட்டிக்கொண்டு, “சந்தோஷமா” என்றார்.

கூட்டம் எண்ணியது. பத்து வரைக்கும் டெட்மர் கனடாவில் தான் பிடித்த மீன்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இழுத்தார். இருபதில் கனடா முடிந்துவிட்டது. இருபத்தெட்டில் பேச்சே முடிந்துவிட்டது. மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது, ஓட்டைத் துருத்தி ஊதுவது போல. முப்பத்தைந்தில் தூண்டில் கழியை அக்குளில் சொருகிக்கொண்டார். நாற்பத்திரண்டில் முழங்கை துள்ள ஆரம்பித்தது. வேர்வை மூக்கு நுனியிலிருந்து தொட்டிக்குள் சொட்டியது. நாற்பத்தேழில் கைப்பிடி வழுக்கி, இரை தொட்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

“குழாய்த் தண்ணி” என்றார் டெட்மர் கடைசியில். “ஏரித் தண்ணியவிடக் கனம் ஜாஸ்தி. குளோரின்.”

ஆயிரம் பேரும் இதற்கும் தலையாட்டினார்கள். ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம், “குளோரின்டா, நான் அப்பவே நெனச்சேன்” என்றான்.

லியோனா விடவில்லை. லான்ஸிடமிருந்து நீல ரீலை வாங்கி மேடைக்கு அனுப்பினாள். “அதே குழாய்த் தண்ணிதான், அதே கைதான். இதுல இருபது இழுங்க.”

ஓய்ந்துபோன அந்தக் கையாலேயே டெட்மர் இருபது இழுத்தார். பன்னிரண்டாவதில் அவர் முகம் மாறியதை லியோனா பார்த்தாள். பல்வலிக்காரனுக்குச் சட்டென்று வலி நின்றுபோனால் வரும் முகம் அது. இருபதுக்கு அப்புறமும், யாரும் கேட்காமலே, இரண்டு தடவை இழுத்தார். லியோனாவுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

கூட்டத்துக்கும் சாட்சி கிடைத்துவிட்டது. அது வேறு சாட்சி. நாலு நிமிடத்தில் லான்ஸ் கடை முன்னால் வரிசை வளைந்து சாசேஜ் வண்டி வரைக்கும் போயிருந்தது. எல்லாரும் எட்டுக்கு ஒன்று வாங்கத்தான்.

“டெட்மரையே திணறடிச்ச மிஷின்டா!” என்றான் தாடிக்காரன் ஒருவன். “இது ஆம்பள ரீல்!”

“எனக்கு ரெண்டு போடு” என்றான் இன்னொருவன். அவன் தொப்பை மேஜையில் இடித்தது.

லியோனா வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். “லான்ஸ், அந்த நீலத்துல ஒண்ணு கொடு.”

லான்ஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “தீந்துடுச்சும்மா.”

“ரெண்டு கெடக்குன்ன. ஈ, காக்கா கேக்கலைன்ன.”

“கேட்டுட்டாங்க.” குரலைத் தாழ்த்தினான். “மேடையில இருந்தது அவர்கிட்டயே இருக்கு. இன்னொண்ணை ஆள் விட்டு வாங்கிட்டாரு. எட்டுக்கு ஒண்ணோட பெட்டியில போட்டுத் தரச் சொன்னாரு.”

“இன்னும் வரவழைச்சுக் கொடேன்.”

“அதைப் போடறதையே கம்பெனி நிறுத்திட்டான்மா. அது ரெண்டுதான் மிச்சம்.”

வெண்டெல் அவள் தோளைத் தொட்டான். “வா, வீட்டுக்குப் போலாம். மூஞ்சி வெளிறிக் கெடக்கு.”

“நீ இங்கயே இரு” என்றாள். தொட்டிக்குப் பின்னால் தொங்கிய கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வேதம் சொன்னவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, குளிர்ந்த பீர் டப்பாவை முழங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பேட்ஜ் சட்டையைக் கழற்றியிருந்தார். பனியனுக்குள் சாதாரண ஆசாமி ஒருவர் இருந்தார். காலடியில் இரண்டு பெட்டிகள்.

“ஆராய்ச்சிக்கும்மா” என்றார், அவள் எதுவும் கேட்கும் முன்பே.

“ஆராய்ச்சிக்கு எதுக்கு ரெண்டு?”

பீர் டப்பா உருண்டது. பிறகு நின்றது. “எனக்கு முழங்கையில ரெண்டு வருஷமா ஊசி போடறாங்க. அந்த மின்னலை நான் ஏரியில தொட்டே நாளாச்சு. மேடையில ஒரு தடவை இழுக்கறதோட சரி. யாருமே இதுவரைக்கும் அறுபது கேட்டதில்ல.”

“தெரிஞ்சே எல்லார் தலையிலயும் கட்டறீங்க.”

“மெதுவான ரீலப் பத்திப் பேசினா எவன் என் சட்டையில பேட்ஜ் தைப்பான்?” என்றார். குரலில் வெட்கம் இல்லை. விலைவாசியைப் பற்றிப் பேசுகிறவர் மாதிரி இருந்தது. அவள் கையில் கட்டியிருந்த பட்டையை அப்போதுதான் கவனித்தார். “உங்களுக்குமா? வலதா?”

“அக்டோபர்ல அறுத்தாங்க. இது இல்லேன்னா எனக்குப் படகு இல்ல.”

டெட்மர் குனிந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். “எடுத்துக்கங்க. நம்ம மாதிரி ஆளுங்களுக்குத்தானே நம்ம கஷ்டம் தெரியும். ஆனா இது நமக்குள்ள இருக்கட்டும்.”

நமக்குள்ள. அந்த வார்த்தை, யாரோ மென்ற சூயிங்கத்தை அவள் உள்ளங்கையில் ஒட்டியது போல இருந்தது. அவள் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. கடை விலை என்னவோ அதை எண்ணி நாற்காலியில் வைத்துவிட்டு, பெட்டியை வாங்கிக் கோட்டுக்குள் செருகிக்கொண்டாள். அவள் வாய் திறக்காததை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். திரையை விட்டு வெளியே வந்தபோது அவளுக்கு டெட்மர் மேல் இருந்த அருவருப்பில் பாதி இடம் மாறி அவள் மேலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

இரண்டு மணிக்கு அடுத்த காட்சி. டெட்மர் மறுபடியும் பேட்ஜ் சட்டைக்குள் ஏறி மேடைக்கு வந்தார். கையிலிருந்த ரீலில் பெயர் தெரியாதபடி கறுப்பு டேப் சுற்றியிருந்தது. நீலம் ஓர் ஓரத்தில் எட்டிப் பார்த்தது.

“நண்பர்களே, காலையில் என்னைச் சோதித்தார்கள். வேகத்தின் அடுத்த பிறவி இது. ரகசியம்!” என்றார். எழுபது தடவை இழுத்தார். கனடா முழுவதையும் சொல்லி முடித்து அலாஸ்காவுக்குப் போனார். தகடு காலையில் ஓடியதைவிட மெதுவாகத்தான் ஓடியது. ஆயிரம் ஜோடிக் கண்களில் ஒன்றுக்குக்கூட அது தெரியவில்லை. கூரை அதிரக் கைதட்டினார்கள்.

லியோனாவின் பக்கத்தில், வலது கையைத் துணித் தூளியில் கழுத்தோடு தொங்கப் போட்டிருந்த ஒரு பெரியவர் நின்றிருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். “காலையில கேள்வி கேட்டது நீங்கதானே?” என்றார். “எனக்கு ஜனவரியில தோள்ல ஆபரேஷன். பெரிய இரை வீசறதுன்னா எனக்கு உயிரு. எதை வாங்கட்டும், நீங்களே சொல்லுங்க.”

லியோனா அவருடைய தூளியைப் பார்த்தாள். கோட்டுக்குள் பெட்டியின் மூலை விலாவில் குத்தியது.

“அந்த எட்டுக்கு ஒண்ணைத் தொடாதீங்க” என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை. “மெதுவான ரீல்தான் வேணும். அஞ்சுக்கு ஒண்ணு, நீளக் கைப்பிடி. இந்தக் கூடத்துல அது ரெண்டுதான் இருந்துச்சு. ஒண்ணு இந்தா என் கோட்டுல இருக்கு. இன்னொண்ணு டேப் சுத்தி அவர் கையில இருக்கு. இங்க இல்லேன்னா வேற கடையில தேடுங்க, கிடைக்கற வரைக்கும் தேடுங்க. வாங்கறதுக்கு முன்னாடி தண்ணியில இழுத்துப் பாருங்க.”

முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் டெட்மரின் அலாஸ்கா ஒரு கணம் தடுக்கி, மறுபடி நடந்தது.

பெரியவர் லியோனாவை மேலும் கீழும் பார்த்தார். அவள் கைப் பட்டையைப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு கனிவு வந்தது, நோயாளியிடம் பேசுகிறவர்களுக்கு வருமே, அது.

“உங்களுக்கு அது சரிம்மா” என்றார். “பொம்பளைங்க கைக்கு அதுதான் ஒத்துவரும்.”

நல்ல கையால் தூளியைச் சரிசெய்துகொண்டு, லான்ஸ் கடை வரிசை எங்கே முடிகிறது என்று விசாரித்தபடி போனார். சாசேஜ் வண்டியையும் தாண்டிக் கழிப்பறை வாசலில் போய் முடிந்தது அது. அங்கே, தொப்பைக்காரன் ஒருவனுக்குப் பின்னால், அவர் திருப்தியாக இடம் பிடித்து நின்றார்.