நிலவறைக் குடித்தனம்

கரையாம்புத்தூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சர்க்கார். முன்கட்டு பிரெஞ்சுக்காரனுடையது. பின்கட்டில் இருக்கிற மாட்டுக்கொட்டகையும் கிணறும் இங்கிலீஷ்காரனுடையது. நடுவில், அம்மிக்குப் பக்கத்தில் ஒரு எல்லைக்கல், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் தணிகைவேலுக்கு அந்தக் கல்லை விடப் பெரிய சொத்து வேறு கிடையாது. இந்தப் பக்கத்துச் சிப்பாய் தேடி வந்தால் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்வார். அந்தப் பக்கத்துத் தலையாரி வந்தால் கூடத்தில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு விசிறிக்கொள்வார். எது கேட்டாலும், "நான் உன் எல்லையில இல்லியேப்பா" என்பார். ஊரே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

முன்கட்டு அடுப்பங்கரையில் ஒரு பலகையைத் தூக்கினால் கீழே படி இறங்கும். பஞ்சகாலத்தில் நெல்லைப் பதுக்க என் மாமனார் வெட்டிய நிலவறை அது. ஜன்னல் கிடையாது, வேறு வழி கிடையாது. நெல் மூட்டை இருக்கலாம், மனுஷர் இருக்க முடியாது. சித்திரையில் அதைத்தான் இருசப்பனுக்கும் அவன் பெண்டாட்டி கலியம்மாளுக்கும் குடித்தனம் விட்டார் இந்த மகானுபாவர். அந்தப் பக்கம் குடிசை எரிந்துபோய் வந்தவர்கள் அவர்கள். வாடகைக்குப் பதில் இரண்டு பேரும் எங்கள் கரும்புத் தோட்டத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும்.

பிரெஞ்சுக்காரன் பஞ்சாயத்தான கொம்யூனில் அதற்கு முன்பே தண்டோரா போட்டிருந்தார்கள். அனுமதி வாங்காமல் குழியறையில் ஆள் வைக்கக் கூடாது. வெளியூர்க்காரரை வைத்தால் பேர் எழுதிக் கொடுக்க வேண்டும். குடியிருப்பவர் உயிருக்கு ஆபத்து வந்தால் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஜெயிலுக்குப் போக வேண்டும்.

"கேட்டீங்களா?" என்றேன்.

"எவன் வந்து குனிஞ்சு பாக்கப் போறான்? போடி" என்றார்.

அடுத்த வாரமே வீட்டை என் பேருக்கு எழுதி வைத்தார். ஆசையில் செய்கிறார் என்று நினைத்து அன்றைக்குப் பாயசம் வைத்தேன், புத்தி கெட்டவள். பிறகுதான் தன் பங்காளியிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "கேசு வந்தா அவ பேருக்கு வரட்டும். பொம்பளைய இன்னா பண்ணிடுவான்?"

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பெண்ணையாறு கரை புரண்டு ஓடியது. அன்று மத்தியானம் கொம்யூன் அதிகாரி நனைந்துகொண்டே வந்து முன்வாசலில் நின்றார். யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் வழக்கம்போலப் பின்பக்கம் ஓடினார். கொல்லைப் படலில் அந்தப் பக்கத்துத் தலையாரி ஓலைக்குடையோடு நின்றார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்! மனுஷருக்கு முகம் செத்துப்போயிற்று.

இருசப்பன் தோட்டத்தில் இருந்தான். கரும்புக் கட்டை குத்திக் கால் வீங்கியதால் கலியம்மாள் மட்டும் கீழே படுத்திருந்தாள். எங்கள் வீட்டுக்காரர் அடுப்பங்கரைக்கு ஓடி வந்து குனிந்து, "மூச்சு வுடாத. அவன் போனதும் தெறக்கறேன்" என்று சொல்லிப் பலகையை மூடி, அதன்மேல் நெல் மூட்டைகளைப் புரட்டிப் போட்டார். ஒரு மூட்டையை நானும் பிடித்துத் தள்ளினேன்.

அதிகாரி அடுப்பங்கரைக்கு வந்து மூட்டைகளைப் பார்த்தார்.

"கீழ ஆளுங்க இருக்காங்கன்னு சொன்னாங்களே?"

"நெல்லுக் குழி ஐயா. ஆளு எங்கயாவது குழியில இருப்பானா?"

அதிகாரி தலையை ஆட்டினார். போய்விடுவார் என்றுதான் நினைத்தோம். மழை வலுத்தது. "விடட்டும், போறேன்" என்று கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டுக்காரரும் என்னைக் காபி கொண்டுவரச் சொல்லி உபசாரம் செய்ய ஆரம்பித்தார்.

காபிக்குத் தண்ணீர் மொள்ளக் கிணற்றுக்குப் போனேன். எங்கள் கிணற்றுச் சுவரில் ஒரு பொந்து உண்டு, புறா அடைவது. தண்ணீர் அந்தப் பொந்தைத் தொட்டால் நிலவறையிலும் ஊற்று எடுக்கும். அதனால் பொந்தைப் பார்த்துத்தான் என் மாமியார் அடைமழைக் காலத்தில் நெல்லை மேலே ஏற்றுவார். நான் எட்டிப் பார்த்தேன். பொந்தைக் காணோம். புறா இரண்டும் கொட்டகைக் கூரையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

"இந்தாங்க, பொந்து முழுகிப்போச்சு. நெல்ல மேல ஏத்தணும்."

அவருக்குப் புரிந்தது. புரிந்துதான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நெல்லுக்கு ஒண்ணும் ஆவாது. நீ காபியப் போடு."

அடுப்பருகே போய் நின்றேன். மழைச் சத்தத்தில் காதுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் வெறுங்காலில் தெரிந்தது. தரைக்குக் கீழே இருந்து தட்டுகிறாள். தட்டி நிறுத்தி, மறுபடியும் தட்டுகிறாள். திறந்தால் ஜெயில் எனக்கு. திறக்காவிட்டால் கலியம்மாள் செத்துப்போவாள். கூடத்திலோ எங்கள் வீட்டுக்காரர் கரும்பு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

தட்டுவது நின்றுவிட்டது.

மூட்டையைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். அசையவில்லை. "ஐயா, ஓடியாங்க! கீழ ஆளு இருக்குது, தண்ணி ஏறுது!" என்று கத்தினேன். அதிகாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார். என் அலறல் கேட்டுத் தலையாரியும் எல்லைக்கல்லைத் தாண்டி வந்து கை கொடுத்தார். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

பலகையைத் தூக்கினோம். மேல்படியில் கலியம்மாளின் தலை தெரிந்தது. கழுத்து வரைக்கும் சேற்றுத் தண்ணீர். தூக்கி வெளியே போட்டதும் வாந்தி எடுத்தாள். பிறகு என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "நான் சத்தம் போடலியேம்மா" என்றாள். நான் உடைந்து அழுதேன்.

அதிகாரியின் முகம் சிவந்திருந்தது. "யார் பண்ண வேலை இது?"

எங்கள் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் வாய் வந்தது. "அந்த அறை பூமிக்குள்ள கல்லுக்கு அந்தாண்ட போவுது ஐயா. அது உங்க எல்லையே இல்ல."

அதிகாரி தலையாரியைப் பார்த்தார்.

"மண்ணுக்கு அடியில எங்களுக்கு இன்னாங்க வேலை? எறங்கற படி உங்க பக்கந்தான்" என்றார் தலையாரி.

"அப்படின்னாலும் வூடு என்னுது இல்ல. அவ பேர்ல இருக்குது. எதுவானாலும் அவளக் கேளுங்க" என்றார், எனக்குத் தாலி கட்டி அழைத்து வந்தவர்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "மெய்யாம்மா?"

"ஆமாங்க ஐயா."

"புதுச்சேரி கோர்ட்டுக்கு நீதான் வரணும். ஜெயிலுன்னாலும் உனக்குத்தான். தெரியுமா?"

பயமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். கலியம்மாள் இன்னும் என் சேலையை விடவில்லை.

"தெரியும். வரேன். வூட்டுல குடியிருக்கறவங்க பேர எழுதிக் கொடுக்கணும்னு சொன்னீங்களே, இப்பவே எழுதிக்குங்க. இருசப்பன், கலியம்மாள். இனிமே முன் ரூம்ல இருப்பாங்க. அப்புறம் நான், ஆதிலட்சுமி."

அதிகாரி எழுதினார். "உன் வூட்டுக்காரர்?"

எங்கள் வீட்டுக்காரரை நான் நன்றாகப் பார்த்தேன். அவர் கண்ணைத் தரையில் போட்டிருந்தார்.

"அவரு பேர இங்க எழுதாதீங்க ஐயா. வூடு என்னுது. அவரு உங்க எல்லையில இல்ல" என்று மாட்டுக்கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினேன்.

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் கொல்லைக்குப் போகத் தலையாரி வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.