மழைக்கார டாக்டரம்மா

எப்சிபா விதைத்தால் மழை பெய்யும். ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரி விவசாயிகள் இதைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறார்கள். ஒரு கோயில் பூசாரிக்கு இப்படிப் பெயர் கிடைத்திருந்தால் பிழைத்துக்கொண்டிருப்பார். எப்சிபா பயிர் மரபியல் விஞ்ஞானி. வறட்சியைத் தாங்கும் சோளத்தை உருவாக்குவது அவளுடைய வேலை.

வறட்சியைத் தாங்கும் என்று காட்டுவதற்கு வறட்சி வேண்டும். அது அவளைக் கண்டாலே ஓடியது. முதல் சோதனை வயலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அடுத்ததைப் புயல் படுக்க வைத்தது. இன்னொரு வருடம், பெயர்கூட வைக்கப்படாத ஒரு காற்றழுத்தத் தாழ்வு கடலிலிருந்து அத்தனை தூரம் வந்து அவள் பாத்திகளின் மேல் கரைந்தது. நல்ல மழையில் எல்லாச் சோளமும் விளைந்தது. அவளுடையதும் விளைந்தது. யாரும் வியக்கவில்லை.

ஊர்க்காரர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். ஆவணி பிறந்தால் அவளுடைய ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இந்த வருடம் எங்கள் ஊரில் போடுங்கள் என்று இரண்டு ஊர்க்காரர்கள் வராந்தாவிலேயே சண்டை போட்டார்கள். ஓர் ஊரில் அவளுக்கு மாலை போட்டு, மேளம் வைத்து, முதல் விதையை அவள் கையால் போடச் சொன்னார்கள். அன்று சாயங்காலமே தூறியது. மழைக்கார டாக்டரம்மா என்ற பெயர் அங்கிருந்து கிளம்பி வைகை அணை வரைக்கும் போனது. அவளுடைய ஆய்வுக் கட்டுரைகள் அவ்வளவு தூரம் போனதில்லை.

போடி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் தம்பி ஜாஸ்பர், கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சிரிப்பான். "எங்கக்கா தப்பான தொழிலுக்குப் போயிருச்சு. குடை யாவாரம் பண்ணிருந்தா இந்நேரம் ரெண்டு மாடி கட்டிருக்கும்" என்பான். கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்கள்கூடச் சிரிப்பார்கள். எப்சிபாவும் சிரிப்பாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வருகிற மே மாதம் அவளுக்குப் பணி ஓய்வு. கையில் ஒரே ஒரு ரகம் மிஞ்சியிருந்தது. வாழ்நாளில் பாதி அதற்குப் போயிருந்தது. எத்தனையோ கலப்புகளில் கழித்துக் கழித்து நின்ற நாற்பத்தேழாம் எண். புதிய ரகங்களை வெளியிடும் குழு அவளிடம் கேட்டது அதிகமில்லை. ஒரு வறண்ட பருவத்தில், ஊர்ச் சோளத்துக்குப் பக்கத்தில், ஒரே நிலத்தில் இதை வளர்த்து, இது கூடுதலாக விளைந்ததாகக் காட்ட வேண்டும். காட்டினால் வெளியிடலாம். அதற்கு அவளிடம் இருந்தது இந்த ஒரு பருவம்தான்.

ராக்கம்மாள் என்ற விவசாயி நிலம் கொடுத்தாள். வைகை அணைக்குப் போகிற சாலையோரத்தில் செம்மண் நிலம். வரப்பில் ஏறி நின்றால் அணை தெரியும். அதன் தண்ணீர் மதுரைக்குப் போகும். அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கிற ஒரு கிணறும், நான்கு ஆடுகளும் ராக்கம்மாளுக்கு இருந்தன. எப்சிபா பாத்திகளை மாற்றி மாற்றிப் பிரித்தாள். அவளுடைய சோளத்துக்குச் சிவப்புக் குச்சி, ஊர்ச் சோளத்துக்கு வெள்ளைக் குச்சி. வானம் கொடுப்பதைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் விடக்கூடாது என்று சொன்னாள். ராக்கம்மாள் தலையை ஆட்டினாள். வானத்தைப் பார்த்துச் சந்தோஷமாக ஆட்டியதாக எப்சிபாவுக்குப் பட்டது.

புரட்டாசிக் கடைசியில் விதைப்புக்கு ஒரு மழை பெய்தது. அதோடு சரி.

ஐப்பசி காய்ந்தது. கார்த்திகை அதைவிடக் காய்ந்தது. ஆட்கள் வானத்தைப் பார்த்துவிட்டு எப்சிபாவைப் பார்த்தார்கள். டீக்கடையில் ஒருவர், டாக்டரம்மாவுக்கு வயசாகிவிட்டது, பழைய சக்தி இல்லை என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. அவளுக்கோ கால் தரையில் நிற்கவில்லை. வயலுக்குப் போனால் வெள்ளைக் குச்சிப் பாத்திகளில் இலைகள் சுருண்டு கிடக்கும். சிவப்புக் குச்சிப் பாத்திகள் பச்சையாக நிற்கும். ஊரே கவலைப்படும்போது இப்படி மகிழ்கிறோமே என்று வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே மகிழ்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போடி தேவாலயத்தில் போதகர் மழைக்காக ஜெபித்தார். சபை ஆமென் என்றது. எப்சிபா உதட்டை மட்டும் அசைத்தாள். ஆண்டவருக்கு அது தெரியாமலிருக்கும் என்று அவள் நம்பவில்லை. பக்கத்து வரிசையிலிருந்த ஜாஸ்பருக்கும் தெரிந்துவிட்டது. வெளியே வந்ததும், "சத்தம் வரலையேக்கா" என்றான். தொண்டை கட்டியிருக்கிறது என்றாள்.

கதிர் வெளிவந்த சமயத்தில் ஐதராபாத்தில் ஒரு கருத்தரங்குக்குக் கூப்பிட்டார்கள். வறட்சியைப் பற்றி, குளிரூட்டிய மண்டபத்தில், ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டிலோடு பேசினார்கள். அவள் சுருண்ட இலைகளின் படங்களைப் போட்டுக் காட்டினாள். கைதட்டினார்கள். திரும்பி வந்தபோது சளி பிடித்துப் படுத்துவிட்டாள். மறுபடியும் வயலுக்குப் போனது, குழுவிலிருந்து பார்வையிட வந்த லிங்கேஸ்வரனோடுதான்.

லிங்கேஸ்வரன் தொப்பியோடு பாத்திகளுக்குள் நடந்தார். கதிரைப் பிடித்துப் பார்த்தார். மணியைக் கிள்ளிப் பால் பார்த்தார். கடைசி வரப்பில் நின்று திரும்பினார்.

"மேடம், ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்கு?"

எப்சிபாவும் பார்த்தாள். சிவப்புக் குச்சி, வெள்ளைக் குச்சி, இரண்டும் பச்சை. ஊர்ச் சோளம் நிமிர்ந்து நின்றது. அரசாங்கத்தின் பணத்தையும் தன் கண்பார்வையையும் செலவழித்து, இந்த ஊர்க்காரர்கள் சும்மா வைத்திருந்த ஒரு சோளத்துக்குச் சமமாக இன்னொன்றைச் செய்திருக்கிறாள். ஜாஸ்பரிடம் இதை எப்படிச் சொல்வது என்ற யோசனைதான் முதலில் வந்தது.

பிறகுதான் குனிந்து மண்ணைத் தொட்டாள். வெள்ளைக் குச்சிப் பாத்தியில் மண் கறுத்து, ஈரமாக இருந்தது. சிவப்புக் குச்சிப் பாத்தியில் விரல் இறங்கவில்லை.

ஆட்டை ஓட்டிக்கொண்டு ராக்கம்மாள் வந்தாள். எப்சிபா மெதுவாகத்தான் கேட்டாள். ராக்கம்மாள் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய காரியம் என்றே அவள் நினைக்கவில்லை.

"கொடத்துலதாம்மா ஊத்துனேன். ரோட்டுல போறவுகல்லாம், பயிர வச்சுட்டுச் சாகக் குடுக்குறியேன்னு கேட்டுட்டுப் போறாக. எங்க நாத்தனா ஒருத்தி, பெத்த பிள்ளைக்காச்சும் கஞ்சி ஊத்துனியான்னு கேட்டா. அது சுருண்டு கெடக்கயில நான் எப்படிச் சோறு திங்க?"

"எல்லாத்துக்கும் ஊத்துனீங்களா?"

"இதுக்கு எதுக்கு?" சிவப்புக் குச்சியைக் காட்டினாள். "இது ஒண்ணும் கேக்கலயே. அது பாட்டுக்கு நின்னுச்சு. இத நான் திரும்பிக்கூடப் பாக்கல."

எப்சிபா வாழ்க்கையில் வாங்கிய பாராட்டுகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை. அதை எந்த அட்டவணையிலும் சேர்க்க முடியாது.

லிங்கேஸ்வரன் நல்ல மனிதர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தண்ணீர் குடித்ததும் குடிக்காததும் சமமாக நிற்கிறதென்றால் அர்த்தம் தனக்கும் புரிகிறது என்றார். ஆனால் எந்தப் பாத்திக்கு எப்போது எவ்வளவு போனதென்று யாருக்கும் தெரியாது.

"கொடம்னு எழுதுனா ஒத்துக்க மாட்டாங்க மேடம். எனக்குத் தெரியாத மாதிரி நான் வேணா போயிடுறேன். நீங்க அறுத்து எடை போட்டு அனுப்புங்க."

அனுப்பினால் இரண்டும் சமம் என்று வரும். அவளுடையது ஒன்றுக்கும் உதவாத ரகமாகிவிடும். உண்மையைச் சொன்னால் சோதனையே செல்லாது. எப்படிப் பார்த்தாலும் தோல்விதான் என்றாலும், இரண்டாவதில் சோளத்தின் மேல் பழி இல்லை. தண்ணீர் ஊற்றப்பட்டது, சோதனை செல்லாது என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். அவர் ஜீப்பை நோக்கிப் போனார்.

ராக்கம்மாளுக்கு ஏதோ கெட்டுவிட்டது என்று மட்டும் புரிந்தது. கோபம் அவளுக்கும் இருந்தது.

"நீங்க வந்தா மழ வரும்னுதானம்மா நெலத்தக் குடுத்தேன். கொடம் கொடமா என்னைச் சொமக்க வச்சுட்டீக."

எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. வரப்பில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ஒருத்தி மழைக்காக ஏமாந்தாள், ஒருத்தி வறட்சிக்காக ஏமாந்தாள். ராக்கம்மாள் முதலில் முறைத்தாள். பிறகு தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த வருடம் எதை விதைப்பீர்கள் என்று எப்சிபா கேட்டாள்.

"செவப்புக் குச்சிதான். இனி ஒரு கொடம் தூக்க இந்த இடுப்பு தாங்குமா?"

வெளியிடாத ரகத்தை விதையாகக் கொடுக்கக் கூடாது. செல்லாத சோதனையில் விளைந்தது வெறும் தானியம், அதைக் கஞ்சிக்குக் கொடுக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சட்டம் தெரிந்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள் என்று எப்சிபாவுக்குத் தெரியும். ஆனாலும் தை அறுவடையில் சிவப்புக் குச்சிப் பாத்திகளில் வந்ததை ஒரு சாக்கில் கட்டி, ராக்கம்மாள் வீட்டில் இறக்கிவிட்டு வந்தாள். ஆட்டுக்குட்டிகள் எட்டாத இடத்தில் வைக்கச் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் போதகர் மழைக்காக ஜெபித்தார். எப்சிபா கண்ணை மூடியிருந்தாள். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தை முடிவு என்று நினைத்து, தனியாக, உரக்க, ஆமென் என்றாள். சபை திரும்பிப் பார்த்தது. ஜாஸ்பர் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டான்.

வெளியே வந்து வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம்கூட இல்லை.