குறைந்தால் நல்லதுதானே

என் மனைவி சரிதாவின் மாத்திரையை நிறுத்தியது நான்தான். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவளுக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய். வேலியே பயிரை மேய்கிற கதைதான். 2006இல் பெங்களூரில் கண்டுபிடித்து ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அதில் அவள் முகம் பூசணிக்காயாக ஊதிவிட்டது. உத்தனப்பள்ளியில் என் தங்கை கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. “இன்னா முனிவேலு, உம் பொண்டாட்டி மூஞ்சி இப்படி ஆயிடுச்சி?” என்று பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். எனக்கு மானம் போனது.

அந்த வாரம்தான் ஓசூர் லேபிலிருந்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. அதில் சி-த்ரீ என்று ஒன்று. தொண்ணூறுக்கு மேல் இருக்க வேண்டியது நாற்பத்தொன்று இருந்தது. சர்க்கரை, கொழுப்பெல்லாம் குறைந்தால் நல்லதுதானே? இதுவும் அப்படித்தான் என்று நானே முடிவு கட்டினேன்.

“நல்லா கொறஞ்சிடுச்சி. கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் மாத்திர வேணாம்” என்றேன்.

“டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாங்க.”

“ரிப்போர்ட்டு பாக்க எனக்குத் தெரியாதா? தெனம் அதான் எம் பொழப்பு.”

பிழைப்பு அதுதான். சிப்காட் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அளவு கூடிய உருப்படியையும் தள்ளுவேன், மயிரிழை குறைந்ததையும் தள்ளுவேன். அந்தப் புத்தி வீட்டில் எங்கே போனதோ!

கல்யாணப் போட்டோவில் சரிதா அழகாக இருந்தாள். பத்தாம் நாள் கால் இரண்டும் வீங்கின. பெங்களூருக்கு ஓடினோம்.

டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தார். “சி-த்ரீ கொறஞ்சா உள்ள நோய் தீவிரமா இருக்குன்னு அர்த்தம். இப்ப கிட்னி வரைக்கும் போயிடுச்சு. மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது?”

நான் சரிதாவைப் பார்த்தேன்.

“நானேதாங்க மேடம்” என்றாள் சரிதா. “மூஞ்சி ஊதுதுன்னு வுட்டுட்டேன்.”

அழகுதான் பெரிதா, உயிர் பெரிதில்லையா என்று டாக்டரம்மா அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் தலைகுனிந்து அத்தனையும் கேட்டுக்கொண்டாள்.

பிறகு என் பக்கம் திரும்பினார். “இவங்கள நம்பி இனிமே விடாதீங்க சார். மாத்திரைய உங்க கையாலயே குடுங்க. நீங்க பொறுப்பானவரா தெரியறீங்க.”

“சரிங்க மேடம்” என்றேன்.